பூசணப் பரிசோதனைக்கு ஆள் வருகிறார்களா? முதலில் சுவரைத் துடைக்காதீர்கள்: கேமரன் மலை வீடுகளுக்கான விளக்கம்

வீட்டுக்கு வெளியாள் வருகிறார் என்றால் நம்மில் பலர் என்ன செய்வோம்? கூட்டிப் பெருக்குவோம். சுவரில் கறை தெரிந்தால் ஈரத்துணியால் அழுத்தித் துடைப்போம். நேரமிருந்தால் ஒரு கை பெயிண்ட். கடைசியில் சாம்பிராணி போட்டுவிட்டு, “இப்ப வரட்டும்” என்று கதவைத் திறந்து வைப்போம்.

வருபவர் விருந்தாளி என்றால் இதெல்லாம் சரி. வீட்டுக் காற்றையும் பூசணத்தையும் பரிசோதிக்க வருபவர் என்றால், இந்த நான்கு வேலையுமே அவர் தேடி வரும் தடயத்தை மறைத்துவிடும். அவர் “பெரிதாக ஒன்றுமில்லை” என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அதே மூலையில் கறுப்பு திரும்பி வரும். இரவில் பிள்ளைக்கு மூச்சு இழுப்பதும் திரும்பி வரும். கையில் மட்டும் “வீடு நன்றாக இருக்கிறது” என்ற அறிக்கை இருக்கும்.

தோட்டத்து லயத்தில் இருந்தாலும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கம் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருந்தாலும், பரிசோதனைக்கு முன்பு எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

இந்த மலையில் ஏன் இவ்வளவு ஓதம்?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 20 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டும் வெப்பம், இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரியும் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கேதான் பதிவானது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறையும் மழை உச்சத்தைத் தொடும்.

தேயிலைக்கு இது பொன்னான பருவநிலை. 1929-இல் போ தோட்டமும், 1933-இல் பாரத் தேயிலையும் இங்கே தொடங்கியதற்கு இந்தக் குளிரும் ஈரமும்தான் காரணம். ஆனால் தேயிலைக்கு ஒத்துவரும் ஈரம் பூசணத்துக்கும் ஒத்துவரும்.

கணக்கு எளிது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராம் அளவே தாங்கும். மிச்சம் 4 கிராம் எங்கே போகும்? வீட்டிலேயே எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ, அதன்மேல் தண்ணீராகப் படியும். தகரக் கூரையின் அடிப்பக்கம், மலைச்சரிவை ஒட்டிய பின்சுவர், ஜன்னல் கண்ணாடி, சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகு ஆகியவைதான் அந்த இடங்கள். “மழையே பெய்யல, ஆனா சுவரு வேர்க்குது” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த நீராவியில் பெரும்பங்கு நம் வீட்டிலேயே உருவாகிறது. சோற்றுப்பானை, குளிக்கக் காய்ச்சும் வெந்நீர், வீட்டுக்குள் கட்டிய கொடியில் காயும் துணி, ஒரே அறையில் தூங்கும் நான்கைந்து பேரின் மூச்சு எல்லாம் அதில் சேரும். சமையல் கேஸுக்கும் பங்கு உண்டு. ஒரு கிலோ கேஸ் எரியும்போது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. 14 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தச் சமையலறைக் காற்றில் போயிருக்கும்.

பூசணம் உடம்புக்கு என்ன செய்யும்?

பூசணம் என்பது பூஞ்சை வகை உயிரி. அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் எல்லா இடத்துக் காற்றிலும் இருக்கின்றன. ஈரமான மரம், அட்டை, துணி, பெயிண்ட் படிவு எதுவானாலும் அதன்மேல் விழுந்து வளரத் தொடங்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் வளராது. அதைத் தாண்டினால் சிக்கல்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது என்பது அதன் முடிவு. குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோர்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். “இவ்வளவு வித்து வரை பரவாயில்லை” என்று ஒரு பாதுகாப்பான அளவை அந்த வழிகாட்டி வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுங்கள், வளர்ந்திருந்தால் நீக்குங்கள் என்பதே அதன் அறிவுரை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 2021-இல் இந்தியாவில் கோவிட் நோயாளிகளைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’ மியூகோர்மைகோசிஸ் என்ற வேறு நோய். உங்கள் குளியலறைச் சுவரில் இருக்கும் கறுப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. அதேபோல், கறுப்பாகத் தெரிவதெல்லாம் ‘விஷப் பூஞ்சை’யும் அல்ல. நிறத்தை வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் நீக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

யார் வந்து பார்ப்பார்கள்?

இது நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால்: ஊழியர்களுக்கான குறைந்தபட்ச வீடமைப்பு, தங்குமிடம், வசதிகள் தரநிலைச் சட்டம், அதாவது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் உங்களுக்குப் பொருந்தும். முதலில் தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. வீட்டுக் கட்டடங்களை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது சட்டம். அமலாக்கம் தொழிலாளர் துறையின் பொறுப்பு. அதன் அதிகாரிகள் குடியிருப்புகளை நேரில் சோதிக்கலாம். உள்ளூர்த் தொழிலாளர், வெளிநாட்டுத் தொழிலாளர் என்ற பேதம் இதில் இல்லை.

சொந்த வீடு, வாடகை வீடு, ஹோம்ஸ்டே என்றால்: பெரும்பாலும் நீங்களோ வீட்டுக்காரரோ காசு கொடுத்து அழைக்கும் தனியார் பரிசோதகர்தான் வருவார். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ், உட்புறக் காற்றுத் தரத்தை மதிப்பிடத் தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பூசணத்தைச் சோதிப்பவரே அதை நீக்கும் குத்தகையையும் எடுப்பாரா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்றால், பிரச்சினை பெரிதாக இருப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு முன்பு: வீட்டின் வரலாற்றை எழுதுங்கள்

பரிசோதகர் வீட்டில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் இருப்பார். நீங்கள் வருடக் கணக்காக இருக்கிறீர்கள். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

1. எந்த இடத்தில், எப்போதிலிருந்து. “நடு அறை, பின்சுவர், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, போன வருசம் தீபாவளிக்கு முன்னாலிருந்து” என்ற அளவுக்குத் தெளிவாக.

2. மழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா. பெருமழை பெய்த மறுநாளே நனைகிறதா, அல்லது மழையில்லாத குளிர் இரவுகளிலும் நனைகிறதா? முதலாவது கூரை, சுவர், வடிகால் கோளாறைக் காட்டும். இரண்டாவது வீட்டுக்குள் படியும் நீராவியைக் காட்டும்.

3. பழைய சம்பவங்கள். கூரைத் தகடு பறந்தது, குழாய் வெடித்தது, வெள்ளம் புகுந்தது எல்லாம் கணக்கில் வரும். 2013 அக்டோபர் 23 அதிகாலை பெர்தாம் பள்ளத்தாக்கில் புகுந்த வெள்ளம் போன்ற ஒன்றில் நனைந்த வீடு என்றால் கட்டாயம் சொல்லுங்கள். பலகைச் சுவரின் உள்பக்கம் வெளியே தெரியாமல் கெட்டிருக்கலாம்.

4. யாருக்கு என்ன உடம்பு. எந்த அறையில் தூங்குபவருக்கு இருமல், வெளியூர் போனால் குறைகிறதா, திரும்பி வந்தால் கூடுகிறதா? வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும்போது குறைந்தால் அது முக்கியமான குறிப்பு. அரசு கிளினிக்கிலோ, தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ காட்டிய சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

5. படம். கைப்பேசியில் தேதியோடு எடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படம் வேண்டும்: தள்ளி நின்று முழுச் சுவரும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து ஒன்று. அளவு தெரியாத படத்தால் பயன் குறைவு.

6. ஏற்கெனவே புகார் சொன்னீர்களா. மண்டோரிடம் வாயால் சொன்னது, ஆபீசில் எழுதிக் கொடுத்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதுவானாலும், எந்தத் தேதியில் என்று குறியுங்கள்.

முடிந்தால் ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கித் தூங்கும் அறையில் வையுங்கள். கடிகாரம் போல இருக்கும், விலை அதிகமில்லை. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை எண்ணைக் குறித்து வாருங்கள். ஒரே நாளில் பரிசோதகர் பார்ப்பது ஒரு எண். நீங்கள் ஒரு வாரம் குறித்தது 21 எண்கள்.

ஓதம் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா? நீங்களே பார்க்கலாம்

ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளை ஒரு முழ அளவுக்குச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். பூசணம் இல்லாத, ஆனால் ஓதம் தெரியும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், அது அறைக் காற்றிலிருந்து படிந்த நீர். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால், நீர் சுவர் வழியாக வருகிறது.

இந்த வித்தியாசத்தில்தான் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியே அடங்கியிருக்கிறது. “நீங்க ஜன்னலைத் திறக்கிறதில்ல, அதான்” என்று சொல்லப்படும்போது, சுவருக்கும் தாளுக்கும் நடுவே நின்ற நீரின் படம் உங்கள் சார்பில் பேசும்.

இன்னொன்று. செங்கல், சிமெண்டுச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூசணமாக இல்லாமல் உப்பாகவும் இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு என்றால் கரையும். பூசணம் கரையாது. உப்பு என்றாலும் நிம்மதி வேண்டாம். சுவருக்குள் நீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

தொடக் கூடாதவை

பரிசோதனைத் தேதி முடிவானதும், அதுவரை இவற்றைச் செய்யாதீர்கள்:

பெயிண்ட் அடிப்பது. நம் வழக்கப்படி தீபாவளிக்கு முன்பு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்போம். கேமரன் மலையில் அது சரியாக இரண்டாவது மழைக்காலத்தின் நடுவில் வந்து விழுகிறது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் பூசணத்தைக் கொல்லாது, மூடும். சில மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்து உரியும். சுவர் காய்ந்த பிறகு அடிக்கலாம், அவசரமில்லை.

பிளீச் ஊற்றித் தேய்ப்பது. கறை வெளுத்துவிடும். பரிசோதகர் எதைப் பார்ப்பார்? உலர்ந்த பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் இன்னும் மோசம். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும்.

நனைந்த தட்டி, அட்டை, மெத்தையை அவசரமாக வீசுவது. வீட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், படம் எடுத்து, மூடிய பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே கூரைக்கடியில் வையுங்கள்.

பழைய கூரைத் தகட்டையும் கூரை உட்பலகையையும் சுரண்டுவது. பழைய கட்டடங்களில் கல்நார் கலந்த தகடுகள் இருக்கக்கூடும். உடைத்தாலோ, துளைத்தாலோ, சுரண்டினாலோ வரும் தூசு நுரையீரலுக்குப் பூசணத்தைவிடப் பெரிய ஆபத்து. பூசணம் தெரிந்தாலும் கை வைக்காமல் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

வீட்டைக் காயவைக்க அடுப்புக்கரி மூட்டுவது. குளிருக்கும் ஓதத்துக்கும் கரிச்சட்டியை உள்ளே வைப்பது பழைய பழக்கம். ஜன்னல் மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவைச் சேர்க்கும். அதற்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகலாம். பரிசோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை எப்போதும் செய்யாதீர்கள்.

அதேநேரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூரை ஒழுகுகிறது, குழாய் கசிகிறது என்றால் பரிசோதனைக்காக அப்படியே விட்டு வைக்காதீர்கள். படம் எடுத்துவிட்டு உடனே வாளி வையுங்கள், குழாயை மூடுங்கள். பிள்ளை பூசண மூலையில் தூங்கினால் இன்றைக்கே கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். தடயத்தைவிட உடம்பு முக்கியம்.

முதல் நாளும் அன்றைய நாளும்

வருபவர் காற்று மாதிரி எடுக்கப் போகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுப்பதானால், ஜன்னல்களை எத்தனை மணி நேரம் மூடி வைக்க வேண்டும் என்று அவரே சொல்வார். 12 மணி நேரமோ ஒரு நாளோ மூடச் சொல்வது வழக்கம். வீட்டுக்குள் போய் வருவதற்குக் கதவைத் திறந்து மூடலாம்.

அந்த ஒரு நாள் மட்டும் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட், வாசனை ஸ்பிரே எதுவும் வேண்டாம். இவை காற்றில் நுண்துகளையும் ரசாயன ஆவியையும் கூட்டும், கருவியில் ஏறும் எண் பூசணத்தாலா புகையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். சாமி விளக்கு ஏற்றுவது உங்கள் வழக்கம் என்றால் ஏற்றுங்கள், ஆனால் அவரிடம் சொல்லிவிடுங்கள். விளக்குப் புகையால் சுவரில் படிந்த கரியையும் காட்டுங்கள். அது பூசணம் போலவே தெரியும்.

மற்றபடி வழக்கம்போல் சமையுங்கள், குளியுங்கள், தூங்குங்கள். நீங்கள் எப்படி வாழ்கிறீர்களோ அந்த வீட்டைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டிய தயாரிப்பு ஒன்றுதான், வழி விடுவது. அலமாரி, கட்டில், அரிசிப் பெட்டியைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்துங்கள். மடுவுக்குக் கீழே உள்ள சாமான்களை எடுத்து வையுங்கள். கூரைக்கு மேலே ஏற வழி இருந்தால் ஏணியைத் தயாராக வையுங்கள். வீட்டுக்கு வெளியே, சுவரோடு அடுக்கிய விறகையும் சாமான்களையும் விலக்கி, மண் சுவரைத் தொடும் இடமும், வடிகாலும், கூரைத் தண்ணீர் விழும் இடமும் தெரியும்படி வையுங்கள்.

லயத்து வீடுகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஒரே கூரை, ஒரே நடுச்சுவர். உங்கள் வீட்டில் தெரியும் ஓதம் பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்தோ, இரண்டு வீடு தள்ளி உடைந்த கூரைத் தகட்டிலிருந்தோ வந்திருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனி வீட்டுப் புகாராக இல்லாமல் வரிசைப் புகாராகப் போனால் அதற்கு எடையும் கூடும்.

அவரிடம் கேட்க வேண்டியவை

– சுவரின் ஈரத்தைக் கருவியால் அளந்தீர்களா? எந்த உயரத்தில் எவ்வளவு?
– ஈரம் எங்கிருந்து வருகிறது? கூரையா, நிலமா, குழாயா, நீராவியா?
– காற்று மாதிரி எடுத்தால், அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் ஒரு மாதிரி எடுத்தீர்களா?
– எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? யார் செய்ய வேண்டும்?
– அறிக்கையின் நகல் எனக்குக் கிடைக்குமா? எப்போது?

மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம்? தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் வீட்டில், வெளிக்காற்றிலேயே வித்துகள் நிறைய மிதக்கும். வெளியே எவ்வளவு என்று தெரியாமல் உள்ளே எடுத்த எண்ணால் ஒன்றும் சொல்ல முடியாது. வெளியே இல்லாத வகை உள்ளே இருந்தாலோ, வெளியைவிட உள்ளே வெகுவாகக் கூடியிருந்தாலோதான் வீட்டுக்குள் வளர்கிறது என்று பொருள்.

இன்னும் ஒன்று: கண்ணுக்கே பூசணம் தெரிந்தால் பெரும்பாலும் காற்று மாதிரி தேவையில்லை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கருத்து. இருப்பது தெரிந்துவிட்டது, அந்தக் காசைக் கூரைக்குச் செலவிடலாம். மறைவான இடத்தில் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கோ, வழக்குக்கோதான் மாதிரி உதவும்.

அறிக்கையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

மலேசியாவில் டோஷ் 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதிகளைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன்படி ஒரு கன மீட்டர் காற்றில் பூஞ்சை எண்ணிக்கை 1,000, பாக்டீரியா 500, கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 1,000 பங்கு, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு.

இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். முதலாவது, இந்த விதிகள் குளிர்சாதன வசதியுள்ள அலுவலகம் போன்ற வேலையிடங்களுக்காக எழுதப்பட்டவை. லயத்து வீட்டுக்குச் சட்டப்படி பொருந்தாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். இரண்டாவது, 1,000-ஐத் தாண்டினால் உடனே ஆபத்து என்றோ, தாண்டாவிட்டால் பாதுகாப்பு என்றோ அர்த்தமில்லை. மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான அறிகுறிதான் அந்த எண். “800-தான் வந்திருக்கு, பிரச்சினை இல்ல” என்று சொல்லப்பட்டால், சுவரில் தெரியும் பூசணத்தைக் காட்டிக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பரிசோதனை முடிந்தது. அடுத்து?

ஈரம் வரும் வழியை அடைப்பதுதான் முதல் வேலை. கூரை, வடிகால், குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பூசணத்தைத் துடைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போல.

பூசணம் பிடித்த இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்பு கலந்த தண்ணீரால் ஈரமாகவே தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது. பிளீச் பயன்படுத்துவதானால் கழிவறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலக்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும். ஊறிப்போன மெத்தை, தலையணை, அட்டைக் கூரையைக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால் தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

அன்றாடப் பழக்கத்தில் சில மாற்றங்கள் உதவும். சமைக்கும்போது மூடி போடுங்கள், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து உள்கதவை மூடுங்கள். துணியை வெளித் தாழ்வாரத்தில் கூரைக்கடியில் காயப்போடுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். “வெளிய பனி, ஜன்னலைத் திறந்தா ஈரம்தானே வரும்?” என்று கேட்கலாம். 16 டிகிரியில் இருக்கும் மூடுபனிக் காற்றே உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சமைத்து, குளித்து, நாலு பேர் தூங்கிய அறையின் காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். மழைச்சாரல் அடிக்கும்போது மூடுங்கள், முற்பகலில் வெயில் தலைகாட்டும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

“புகார் சொன்னா வீடு போயிடுமா?”

தோட்டத்தில் இந்தப் பயம் உண்மையானது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது, சுவரைக் காட்டிப் பேசத் தயக்கம் வரும். அதனால்தான் பலர் சொந்தக் காசில் பெயிண்ட் வாங்கி அடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நடந்தது நினைவிருக்க வேண்டும். ஒரு குடும்பம் தங்கள் வாடகை வீட்டில் பூசணம் இருப்பதாகப் பலமுறை முறையிட்டது. மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுமாறு தந்தையிடம் சொல்லப்பட்டது. 2020 டிசம்பரில் அவர்களின் 2 வயது மகன் இறந்தான். பூசணத்தால் வந்த சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தச் சிறுவனின் பெயரில் ‘அவாப் சட்டம்’ கொண்டுவரப்பட்டு, 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான பூசணம் பற்றிப் புகார் வந்தால் அங்குள்ள சமூக வீட்டு உரிமையாளர்கள் 10 வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும், அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நம் நாட்டில் பூசணத்துக்கென்று அப்படி நாள் குறித்த சட்டம் இல்லை. ஆனால் 446-ஆவது சட்டத்தின் பழுதுபார்ப்புக் கடமை இருக்கிறது. ஆகவே வரிசைப்படி போங்கள். முதலில் ஆபீசில் எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிற்சங்கம், பிறகு தொழிலாளர் துறை. 2021-இல் மனிதவள அமைச்சு அறிமுகப்படுத்திய ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகக் கைப்பேசியிலேயே புகார் செய்யலாம். நீங்கள் எழுதிய தாளும், தேதியோடு எடுத்த படமும், குறித்து வைத்த எண்களும் இங்கேதான் பயன்படும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால், அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன்பு எழுதச் சொல்லுங்கள்.

ஆக, பரிசோதகர் வரும் நாளில் வீடு அழகாக இருக்க வேண்டியதில்லை. சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். மேசையில் ஒரு தாள், கைப்பேசியில் படங்கள், சுவரிலிருந்து ஓர் அடி நகர்ந்த அலமாரி, இவ்வளவு போதும். வருபவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். சாம்பிராணியை மட்டும் அவர் போன பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.